டோப்பாக் கடைப் பூட்டு

அந்தக் கடைக்கு இரண்டு வாசல். முன்வாசலில் சீப்பு, ஷாம்பு, கொண்டை ஊசி வியாபாரம். பின்வாசலால் வருகிறவர்கள் சீப்புக் கேட்பதில்லை. மழையில்லாத நாளிலும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள். படியேறினால் ஒரு திரை. திரைக்கு அப்பால் சுழல் நாற்காலி, பெரிய கண்ணாடி, அலமாரி நிறையக் கண் திறந்த பொம்மைத் தலைகள். கடைக்காரர் வீட்டு அடுப்பு எரிவதே இந்த மாடியால்தான். ஆனாலும் 'டோப்பா' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. 'சாமான்' என்றுதான் சொல்ல வேண்டும். சாமான் உறுத்துதா சார், சாமான் காத்துக்கு நிக்குதா மேடம், இப்படி.

"முடியை எவன் வேணா விப்பான். நான் விக்கிறது, வாயை மூடிக்கிட்டு இருக்கறதை," என்பார் கடைக்காரர்.

அந்த மூடிய வாய்க்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவன் அவர் மனைவியின் தம்பி. அவனுக்கு அவர் அத்தான். அவருக்கு இவன் மாப்பிள்ளை. மற்ற எல்லோருக்கும் பூட்டுக்காரன். கம்ப்யூட்டர் படித்தவன். வாடிக்கையாளரின் பெயர், தலைச் சுற்றளவு, வழுக்கை எதுவரை, முடி என்ன நிறம், வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது என்பதெல்லாம் ஒரே ஒரு சின்னக் கோப்பில் அடங்கும்படி பைதான் என்ற மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தான். சர்வர் கிர்வர் எதுவும் வேண்டாம். பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடலாம். அவ்வளவு லேசில் தூக்கிக்கொண்டு போக முடிகிற சங்கதி என்பதால்தான் அதற்குப் பூட்டு வேண்டியிருந்தது. சாவியை வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் குழப்பியடித்து, சாவி இல்லாதவன் கண்ணுக்கு வெறும் குப்பையாகத் தெரியவைக்கிற பூட்டு. குறியாக்கம் என்பார்கள்.

"எவன் வந்தாலும் திறக்க முடியாது அத்தான். சாவியை மறந்துட்டா என்னாலயே முடியாது," என்று சொல்லிவைத்தான்.

அத்தான் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பின்வாசல் ஆட்கள் பெயர் சொல்லத் தயங்கும்போதெல்லாம் இவனை மாடிக்குக் கூப்பிட்டு நிறுத்துவார். "இவன்தான் பூட்டுப் போட்டவன். என் மச்சினன்கறதுக்காகச் சொல்லல..." என்று ஆரம்பிப்பார். இவனும் கூச்சப்படுகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பான். சிரித்துச் சிரித்து அந்தச் சிரிப்பில் நல்ல கைப்பழக்கம் வந்திருந்தது.

வினை போன் வழியாக வந்தது. பின்வாசல் வரைக்கும்கூட வர முடியாதவர்கள் சிலர் இருந்தார்கள். சிகிச்சையில் முடி கொட்டியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கூச்சம் தாளாதவர்கள். அவர்கள் வீட்டுக்கே பூட்டுக்காரனின் அக்கா அளவு நாடாவோடு போய்வருவாள். அவள் போனிலும் அதே கோப்பு திறக்க வேண்டும். இந்த வேலையை அத்தான் தன் அண்ணன் மகளிடம் கொடுத்தார். குடும்பத்தில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். படித்து முடித்து அவள் செய்கிற முதல் வேலை. "சொந்தக்காரங்க கடையில சொதப்பினா ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க, வேண்டாம்" என்று அவள் அப்பா தடுத்தும் பிடிவாதமாக வந்தவள்.

அவள் எழுதுவது கோட்லின் என்கிற மொழியில்.

"கோட்லினா? இருமல் மருந்து மாதிரி இருக்கே," என்றார் அத்தான்.

"மாமா எழுதறது மலைப்பாம்பு சித்தப்பா. அதுக்கு இருமல் மருந்து தேவலாம்," என்றாள் சின்னவள்.

மொழி இரண்டானாலும் கோப்பு ஒன்று, சாவி ஒன்று, திறந்துவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். திறக்கவில்லை. சாவியைப் போட்ட ஒவ்வொரு முறையும் போன் ஒரே பதிலைச் சொன்னது: 'இந்தக் கோப்பு டேட்டாபேஸ் இல்லை.'

"சாவியைச் சரியா அடிச்சியா?" என்றான் பூட்டுக்காரன்.

"அடிச்சேன் மாமா."

"எழுத்துக் கூட்டிப் படிச்சு?"

"மாமா, நான் ஒண்ணாங்கிளாஸ் இல்ல. நீங்க எந்த லைப்ரரியை வச்சுப் பூட்டினீங்க? எந்த வெர்ஷன்? உள்ள விடறதுக்கு முன்னாடி சாவியை எத்தனை சுத்து அரைக்குது, பக்க அளவு என்னன்னு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

நியாயமான கேள்வி. லைப்ரரி என்றால், யாரோ எழுதிவைத்ததை நம் நிரலுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆயத்தச் சரக்கு. பதில்தான் அவனிடம் இல்லை. சாவி போடுகிற அந்த ஒற்றை வரியை எங்கேயோ பார்த்து ஒட்டியிருந்தான். பிழை எதுவும் வரவில்லை, நிரல் ஓடியது, விட்டுவிட்டான். 'எனக்குத் தெரியாது' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தை வெளியே வருமா?

"நான் பூட்டிட்டேன், சாவியும் குடுத்துட்டேன். திறக்க வரலன்னா கோளாறு கையில, பூட்டுல இல்ல," என்றான்.

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். சின்னவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு அவனுக்குத் தினப்படி வேலையாகிவிட்டது. காலையில் கடைக்கு வந்ததும், "என்னம்மா, கதவு திறந்துச்சா, இல்ல ராத்திரி வாசல்லயே படுத்துட்டியா?" என்பான். அவள் பழைய வெர்ஷன் அளவுகளைப் போட்டுப் பார்த்தாள். சுற்றுகளைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். வேறு லைப்ரரியை மாற்றினாள். கோப்பு டேட்டாபேஸ் இல்லை, இல்லை, இல்லை. கொண்டு வந்த சாப்பாட்டைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். வீட்டில் அவள் அப்பா, "என்ன, கதவு திறந்துச்சா?" என்று இவன் கேட்கிற அதே வார்த்தையில் கேட்கிறாராம். இவன் சொன்ன கிண்டல் அவர் காது வரைக்கும் போயிருக்கிறது. அக்கா இதை வருத்தமாகச் சொன்னபோது அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு நினைத்தால் உடம்பு கூசியது அந்தப் பெருமைக்குத்தான்.

வியாழக்கிழமை அத்தான் முடிவாகச் சொன்னார். "நாளைக்கும் திறக்கலன்னா வெளியாள்கிட்ட குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதம்மா. வியாபாரம்."

சின்னவள் தலையாட்டினாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரு பாடம் நடத்திவிடலாம் என்று பூட்டுக்காரனே கிளம்பினான். வேண்டுமென்றே தப்பான சாவியைப் போட்டுக் காட்டி, பார், பூட்டு என்றால் இப்படித்தான் முறைக்கும், சரியான சாவிக்குத்தான் மசியும் என்று விளக்க வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அவள் சாப்பிடப் போயிருந்தாள். சாவிக்குப் பதிலாக 'கத்தரிக்காய்' என்று அடித்தான்.

கோப்பு திறந்தது.

சாவி எங்கேயோ ஞாபகத்தில் தங்கியிருக்கும் என்று நினைத்து நிரலை மூடி, கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். இந்த முறை 'போடா' என்று அடித்தான். திறந்தது. ஒன்றுமே அடிக்காமல் விட்டான். அப்போதும், வாங்க வாங்க என்று கதவை விரித்து வைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் எந்த நிரலும் வேண்டாமென்று, கடிதம் எழுதுகிற சாதாரண மென்பொருளில் அந்தக் கோப்பைப் போட்டுப் பார்த்தான். புரியாத சில குறிகளுக்கு நடுவே பெயர்கள் பச்சையாகக் கிடந்தன. பள்ளிக்கூட டீச்சர், பெயர், தெரு, தலைச் சுற்றளவு. பக்கத்தில் அக்கா அடித்திருந்த குறிப்பு: 'முழுசும் போச்சு. பிள்ளைகளுக்குத் தெரியாது.'

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அலமாரியில் இருந்த தலைகளெல்லாம் அவனையே பார்த்தன.

நடந்தது இவ்வளவுதான். பைதானோடு கூடவே வருகிற சாதாரண லைப்ரரிக்குப் பூட்டவே தெரியாது. தெரியாத கட்டளையைச் சொன்னால் அது முறைக்காது, முனகாது. புதிதாகச் சேர்ந்த கடைச் சிப்பந்தி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். சாவி போடு என்று இவன் சொன்னான். அது தலையாட்டியது. அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இவ்வளவு நாளும் இவன் மாடியில் நின்று சிரித்திருக்கிறான். சின்னவளுடைய லைப்ரரி நிஜமாகவே பூட்டத் தெரிந்தது. பூட்டிய கோப்பை எதிர்பார்த்துச் சாவியை நுழைத்தது, பூட்டே இல்லாததைக் கண்டு இது நான் தேடுகிற பொருள் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தக் கடையிலேயே உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

ஒரு தப்பான சாவியை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. பூட்டு வாங்குகிற எந்த மனுஷனும் இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டான். இவன் வாங்கியது மட்டுமில்லாமல் விற்கவும் விற்றிருக்கிறான்.

அப்போதே கீழே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கால் எழுந்தது, போகவில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் தப்பு நடந்ததாகவே ஆகாதே என்று மனசு பேரம் பேசியது. மனசு பேசுகிற பேரத்தில் அவன் என்றைக்கும் அடிமாட்டு விலைக்கே படிந்துவிடுவான். பூட்டத் தெரிந்த லைப்ரரியை இறக்கினான், புதிய கோப்பு ஒன்றை அதே சாவியால் பூட்டி, பழையதில் இருந்ததையெல்லாம் அதற்குள் கொட்டினான். இப்போது 'கத்தரிக்காய்' போட்டான். 'இந்தக் கோப்பு டேட்டாபேஸ் இல்லை.' அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வரப் பார்த்தது.

சின்னவள் வந்ததும் புதிய கோப்பை அவள் போனில் ஏற்றிக் கொடுத்து, "இன்னொரு தடவை போட்டுப் பாரு," என்றான்.

திறந்தது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிவரியாகத் தள்ளிப் பார்த்தாள். "மாமா! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. உனக்குக் குடுத்த நகல் கெட்டுப்போயிருந்துச்சு போல. வேற எடுத்தேன்."

சத்தம் கேட்டு அத்தான் மேலே வந்தார். "திறந்துடுச்சா? ஒரு வாரமா நீ தலைகீழா நின்னே. இவன் தொட்டான், திறந்துச்சு. அனுபவம்னா அனுபவம்தான். மாமாகிட்ட கேட்டுக் கத்துக்கம்மா, கொஞ்சம்."

"சரி சித்தப்பா," என்றாள் அவள். இவன் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் மாமா," என்றாள். அவள் அதை நிஜமாகவே சொன்னாள். அந்த ஒரு வார்த்தை செருப்பால் அடித்தது போல இருந்தது. பழகிய சிரிப்பைத் தேடினான், கிடைக்கவில்லை. அசடு மட்டும் வழிந்தது.

"அப்ப எதிர்க்கடை நகலையும் மாத்திடணும்," என்றார் அத்தான், போகிற போக்கில்.

"எந்த நகல்?"

"நீதானே சொன்னே, கடை தீப்பிடிச்சாலும் வேற கட்டடத்துல ஒண்ணு இருக்கணும்னு? மாசாமாசம் ஒரு பென்டிரைவ்ல போட்டு ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட குடுத்து வைக்கிறேன்."

"ஒலிபெருக்கிகிட்டயா!"

"ஏன்டா அலர்றே? பூட்டினதுதானே? ஊர் வாய் மேஜையிலயே ஊர் ரகசியம் கிடக்கு, அவனால ஒண்ணும் பண்ண முடியல. அதுல எனக்கு ஒரு சந்தோஷம்."

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வந்த காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, யார் ராஜினாமாக் கடிதம் நகலெடுத்தார் என்பதெல்லாம் தாளின் சூடு ஆறுவதற்குள் தெருமுனைக்குப் போய்விடும். பூட்டுக்காரன் மூன்று படியை ஒரு படியாகத் தாண்டித் தெருவைக் கடந்தான்.

"அண்ணே, அந்தப் பென்டிரைவ். அத்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு."

ஒலிபெருக்கி மேஜை இழுப்பறை மேல் கையை வைத்துக்கொண்டார். "அவரே வந்து கேட்டாத்தான் குடுக்கணும்னு உங்க அத்தான் எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு, தம்பி. நான் பேசுவேன். ஆனா கைமாத்த மாட்டேன்."

"நான் அவங்க மச்சினன்."

"மச்சினனா இருந்தா சத்தியம் தள்ளுபடின்னு அவர் சொல்லலையே."

"சரி... நீங்க அதைப் போட்டு கீட்டுப் பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை. பொய் சொல்ல மாட்டேன், ஆசைதான். எதை வச்சுத் திறக்கறதுன்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. சாவி கேக்குதுன்னு மூடிட்டேன். பிரமாதமான பூட்டு, தம்பி."

பூட்டு எதுவும் கேட்கவில்லை. எந்த மென்பொருளால் திறப்பது என்றுதான் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. ஒன்றுமே தெரியாத இந்த மனிதரும் எல்லாம் தெரிந்த அவனும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள். வித்தியாசம், அவர் அதை வைத்துப் பெருமையடிக்கவில்லை. பூட்டுக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "குடுத்துடுங்கண்ணே, ப்ளீஸ்," என்றான்.

கெஞ்சியிருக்கக் கூடாது. ஒலிபெருக்கியின் கண் சுருங்கியது. வாங்குபவன் அவசரப்பட்டால் விற்பவன் நிமிர்ந்து உட்காருவான். "பூட்டினதுதானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு வேர்வை? சாயங்காலம் என் மருமகன் வருவாரு. கம்ப்யூட்டர்ல கில்லாடி. அவர்கிட்ட என்னன்னு கேக்கறேன்."

திரும்பத் தெருவைக் கடந்தபோது, வரும்போது இருந்த அவசரம் அவனிடம் இல்லை. இனிப் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை. அத்தானே போனால்தான் அந்தப் பென்டிரைவ் வரும். அத்தான் போக வேண்டுமானால் ஏன் என்று தெரிய வேண்டும்.

மாடியில் திரை மூடியிருந்தது. இந்தப்புறம் அத்தானும் சின்னவளும் நின்றார்கள். உள்ளே யாருக்கோ அக்கா அளவெடுத்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் அத்தான் குரலை உயர்த்தினார், திரைக்கு அந்தப்புறம் கேட்கட்டும் என்று. "இதோ வந்துட்டான் பாருங்க டீச்சர், பூட்டுப் போட்டவன். இன்னைக்குப் போன்லயும்..."

"அத்தான், அது பூட்டலை."

"என்னது?"

"பூட்டவே இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே. நான் பூட்டினதா நெனச்சேன், பாக்கல. இன்னைக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியாம பூட்டிட்டு, நகல் கெட்டுப்போச்சுன்னு பொய் சொன்னேன். இவ மேல எந்தத் தப்பும் இல்ல. பூட்டாத கோப்பைக் குடுத்துட்டு, திறக்கத் தெரியலன்னு ஒரு வாரமா இவளைக் கேலி பண்ணியிருக்கேன். எதிர்க்கடையில இருக்கறது பழைய நகல். அதை யாரு வேணா திறக்கலாம்."

அத்தான் சட்டென்று திரைப் பக்கம் திரும்பினார். 

திரை விலகியது. டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தார். சாமான் அக்கா கையில் இருந்தது. அவர் தலையில் ஒன்றும் இல்லை, ஒரு இழைகூட இல்லை. மறைத்துக்கொள்ளவும் கை போகவில்லை.

"நல்லா பாத்துக்குங்க தம்பி," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க பூட்டாம வச்சிருந்தது இதைத்தான். பெத்த பிள்ளைங்ககூட இன்னும் பார்க்கல."

எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே பார்த்தால் கோழைத்தனம், நிமிர்ந்து பார்த்தால் அவமரியாதை. பொம்மைத் தலைகள் மாதிரி கண்ணைத் திறந்துகொண்டு நின்றான்.

முதலில் அசைந்தவர் அத்தான்தான். "புது நகல் ஒண்ணு போட்டுக் குடு. நீ இல்ல," என்று இவனை நிறுத்திவிட்டுச் சின்னவள் பக்கம் கை நீட்டினார். அவள் போட்டுக் கொடுத்தாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகத் தெருவைக் கடப்பதை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியின் ஸ்டூலில் உட்கார்ந்தார், டீ வரவழைத்தார், மச்சினனைப் பற்றி ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். 'மாசம் திரும்பிடுச்சு, பழசைக் குடு, புதுசைப் பிடி' என்பது போல இருந்தது கைகள் பேசியது. திரும்பி வந்து பழைய பென்டிரைவை மேஜை மேல் வைத்தார்.

"இப்பவாவது நிஜமா பூட்டியிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

சின்னவள் போனை அவரிடம் நீட்டினாள். "நீங்களே எதையாவது அடிச்சுப் பாருங்க மேடம். வாயில வந்ததை."

டீச்சர் தன் பெயரையே அடித்தார். 'இந்தக் கோப்பு டேட்டாபேஸ் இல்லை' என்றது போன். இன்னொரு தடவை வேறெதையோ அடித்தார். அதே பதில். ஒரு வாரமாக இவன் கேலி பண்ணிய அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் அவர் மூச்சு விட்டார். அக்கா கையிலிருந்த சாமானை வாங்கித் தானே வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்துக் காதோரத்தைச் சரிசெய்தார். பின்வாசல் பக்கம் நடந்தபோது பூட்டுக்காரனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா," என்றாள் சின்னவள், டீச்சர் படியிறங்கிய பிறகு. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது. "ஒரு வாரமா என் மூளையில ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டிருந்தேன். அப்பாகிட்ட அப்படியே சொல்லியும் தொலைச்சுட்டேன்."

"நானே வந்து உங்கப்பாகிட்ட சொல்றேன்."

"வாங்க. கதவைத் தட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

அத்தான் அவனைத் திட்டவே இல்லை. சாயங்காலம் பின்வாசலில் புதிதாக ஒருவர் வந்தார், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு. பெயர் கேட்டதும் தயங்கினார். பழக்கதோஷத்தில் அத்தான், "கவலைப்படாதீங்க சார், இதோ, பூட்டுப் போட்டது..." என்று கையை இவன் பக்கம் நீட்டிவிட்டார். நீட்டிய கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சின்னவள் பக்கம் திரும்பியது. வந்தவருக்கு எதுவும் புரியவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

பூட்டுக்காரன் தொப்பிக்காரர் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, திரையை அவனே இழுத்து மூடினான். மூடிய பிறகு, இடைவெளி இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தான்.